மாஸ்கிங் டேப் ஒட்டிய டப்பா

டெக்சாஸில் மான் வேட்டைக்குப் போகிற தமிழர்களில் சிலர் தோட்டாவையும் வீட்டிலேயே தயாரிக்கிறார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கேஸை எடுத்து, புது பிரைமர் (பற்றவைக்கும் சின்ன மூடி) பொருத்தி, வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே புல்லட்டை அழுத்துகிற வேலை. ரீலோடிங் என்பார்கள். நானும் அதில் இரண்டு வருடப் பழக்கம் உள்ளவன். போன மாதம் ஏமாந்தேன். விரலோ கண்ணோ போகவில்லை என்பது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

ஹூஸ்டன் பக்கத்தில் ஒரு துப்பாக்கிச் சந்தை. ஒரு மேசையில் பழைய ரீலோடிங் சாமான்களை ஒருவர் பரப்பி வைத்திருந்தார். நடுவில் முக்கால்வாசி மருந்தோடு ஒரு பிளாஸ்டிக் டப்பா. லேபிள் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, மார்க்கரில் ‘எச் 4831’ என்று மருந்தின் பெயர் எழுதியிருந்தது. கடையில் அந்த மருந்து கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. “சார், என் அப்பாவோடது. இதையும் எடுத்துக்குங்க” என்று ஒரு அட்டையையும் நீட்டினார். என் .30-06 ரக ரைபிளுக்கு எத்தனை கிரெயின் (மருந்தின் எடை அளவு) போட வேண்டும் என்று அதில் அழகான கையெழுத்தில் இருந்தது. நாற்பது டாலர் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ரீலோடிங் கையேட்டைப் புரட்டாமல் இல்லை. அட்டையில் இருந்த அளவு, எச் 4831-க்குக் கையேடு சொல்லும் உச்ச அளவேதான். சரி, ஆள் நேர்மையானவர் என்று நினைத்தேன். உச்ச அளவிலிருந்து 10 சதவீதம் குறைத்து ஆரம்பித்து, அரை அரை கிரெயினாக ஏற்ற வேண்டும் என்று எல்லாக் கையேடும் தலையில் அடித்துச் சொல்கிறது. நான் சோம்பேறித்தனமாக நேரே உச்சத்தில் இருபது தோட்டா நிரப்பினேன். இது என் தப்பு, அவர் தலையில் போட மாட்டேன்.

ரேஞ்சில் முதல் சூட்டிலேயே தோள்பட்டையில் வழக்கத்தைவிட பலமான உதை. சுட்ட கேஸை எடுக்கத் திறக்கிற போல்ட்டின் கைப்பிடி சாதாரணமாக ஒரு விரலில் தூக்கினால் எழும்பும். அன்றைக்குக் கெட்டியாக நின்றது. வெயில் காரணமோ என்று இரண்டாவதையும் சுட்டேன் (இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது). இந்த முறை உள்ளங்கையால் அடித்துத்தான் போல்ட்டைத் திறக்க முடிந்தது. பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர் எழுந்து வந்து, “போதும் தம்பி, ரைபிளைக் கீழே வை” என்கிற மாதிரி சொன்னார். விழுந்த கேஸை வாங்கித் திருப்பிக் காட்டினார். பிரைமர் ஓரம் வளைவே இல்லாமல் தட்டையாக நசுங்கி, அது உட்காரும் குழியை நிறைத்துக்கொண்டிருந்தது. கேஸின் அடியில், போல்ட்டில் இருக்கும் எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் பாகம்) துளை படும் இடத்தில் பளபளவென்று ஒரு வட்டத் தடம். பித்தளையே இளகி அந்தத் துளைக்குள் பிதுங்கிய அடையாளம் அது. வீட்டில் அதே கேஸில் புது பிரைமர் வைத்துப் பார்த்தேன். விரலால் தள்ளினாலே உள்ளே போய்விட்டது. அழுத்தத்தில் குழி அவ்வளவு விரிந்திருந்தது.

.30-06-க்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்ட். அதை நிர்ணயிக்கும் அமெரிக்க அமைப்பின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தை (SAAMI) கூட்டிப் படித்தால் நம்ம ஊர் ‘சாமி’ என்று வரும். அந்தச் சாமி போட்ட கோட்டை நான் எவ்வளவு தாண்டினேனோ!

இரவு ஹேர் டிரையரால் சூடு காட்டி டேப்பை மெதுவாக உரித்தேன். அடியில் பழைய லேபிளின் மிச்சம்: ‘ஐஎம்ஆர்’.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவத்தில் மிஞ்சிய 4831 என்ற மருந்தை புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் மலிவாக வாங்கி விற்றார். அந்த 4831-தான் எச் 4831 ஆனது. பிறகு 1970-களில் டூபான்ட் நிறுவனம் ஐஎம்ஆர் 4831 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எண் ஒன்று, குணம் வேறு. ஐஎம்ஆர் வேகமாக எரியும், அதனால் அதன் உச்ச அளவு குறைவு. ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போட்டால் என் கதைதான். 2003-லிருந்து இரண்டும் ஒரே நிறுவனத்தின் கையில் வேறு. நிறம், குச்சி வடிவம் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கவும் முடியாது. அந்த டப்பாவில் இருந்தது ஐஎம்ஆர்தான் என்றுகூட நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு முறை திறந்து கைமாறிய டப்பாவில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

அதனால் சீல் உடையாத டப்பா தவிர எதையும் வாங்காதீர்கள், சும்மா கொடுத்தாலும். அடுத்தவர் ரைபிளுக்கு ஒத்துவந்த அளவை அட்டையிலிருந்து எடுக்காதீர்கள். மருந்து சரியாகவே இருந்தாலும் அவர் கேஸ் மெல்லியதாக இருந்திருக்கும், உங்களுடையது தடித்த ராணுவக் கேஸாக இருக்கும்; உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். ஒரே எடையில் ஈய உள்ளீடு உள்ள புல்லட்டும் முழுச் செம்பு புல்லட்டும் ஒன்றல்ல. ‘அப்படியானால் ரொம்பக் குறைத்துப் போட்டால் நல்லதுதானே’ என்று ஒரு நண்பர் கேட்டார். அதுவும் கூடாது. இந்த மாதிரி மெதுவாக எரியும் மருந்தை ஆரம்ப அளவுக்கும் கீழே குறைத்தால் சரியாகப் பற்றாது, எதிர்பாராத அழுத்தமும் வரலாம்.

மிச்சம் பதினெட்டுத் தோட்டாவையும் புல்லட்டைக் கழற்றும் சுத்தியல் மாதிரியான புல்லரில் தட்டித் தட்டிப் பிரித்தேன். டப்பா மருந்தை வீட்டிலிருந்து தள்ளி வெட்டவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக, மெல்லிய கோடாகப் பரப்பி எரித்தேன். ரைபிளை கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்துப் பார்க்கச் சொன்னதில் நூற்றுச் சொச்சம் டாலர் போனது.

அடுத்த சந்தைக்கு டேப்பை உரித்த டப்பாவோடு போய் நின்றேன். “விற்றால் விற்றதுதான், இங்கே ரிட்டர்ன் கிடையாது. நீங்கள்தான் அளவு பார்த்துப் போட்டிருக்கணும்” என்றார். பாதி நியாயம் அவர் பக்கம் இருந்ததுதான் எரிச்சல். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேசையைப் பார்த்தேன். புதிதாக மூன்று டப்பாக்கள், மூன்றிலும் மாஸ்கிங் டேப்.