கல்லடிப் பக்கம் வீடு தேடுகிறவர்கள் முற்பணம் கொடுக்கமுன் இதை வாசியுங்கள்

முந்தாநாள் பின்னேரம் அந்த வீட்டு கேட்டடியில் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தேன். உள்ளே டீவி சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. அவர்கள் திருப்பித் தர வேண்டிய எங்கள் முற்பணம், ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபா. எனக்கும் இவருக்கும் அது இரண்டு வருடம் கட்டிய சீட்டுக்காசு.

திருக்கோவிலில் இருந்து மட்டக்களப்புக்கு இடமாற்றம் கிடைத்தபோது, வாடகை வீடுகளைப் படத்தோடு போடுகிற ஒரு முகநூல் பக்கத்தில்தான் இந்த வீட்டைப் பார்த்தோம். மாதம் 20,000, முற்பணம் ஒன்பது மாதம். ஒன்பது மாதம் கூடத்தானே என்று தரகரிடம் கேட்டேன். "இஞ்ச எல்லாரும் அப்படித்தான் வாங்குறாங்க, நாளைக்கு வேற ஆக்கள் பார்க்க வாறாங்க" என்றார். பயந்துவிட்டேன்.

ஆனாலும் நான் நம்பியது தரகரை இல்லை. வீட்டுக்கார அம்மா முற்றத்தில் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, என் மகனுக்கு மரத்தில் இருந்து கொய்யாப்பழம் பறித்துக் கொடுத்தா. "இனி இது உங்கட வீடு மகள்" என்றா. அந்தச் சொல்லில்தான் விழுந்தேன். நொத்தாரிசிடம் போய் எழுதுவமா மாமா என்று இவர் கேட்டார். "நம்மட ஆக்களுக்குள்ள எழுத்து எதுக்கு மகன்? நான் எங்க ஓடப்போறன்?" என்றார் வீட்டுக்காரர். இவர் விடாமல் கேட்டதால், பேரப்பிள்ளையின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, முற்பணம் 180,000 பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். எப்போது திருப்பித் தருவார், எதற்கெல்லாம் கழிப்பார் என்று ஒரு வரி இல்லை. தாளின் மறுபக்கம் ஏழாம் வாய்ப்பாடு, பென்சிலில்.

பதினான்கு மாதம் இருந்தோம். ஒரு மாத வாடகை பிந்தியதில்லை. போவதை ஒரு மாதம் முந்தியே சொன்னோம், வீட்டைக் கழுவித் துடைத்துக் கொடுத்தோம். "திறப்பைத் தந்திட்டுப் போங்க மகள், திங்கட்கிழமை பேங்க்ல போடுறன்" என்றார் வீட்டுக்காரர். கொடுத்தேன்.

திங்கள் போனது. அடுத்த கிழமை என்றார். பிறகு, கட்டாரில் இருக்கிற மகன் காசு அனுப்பினதும் என்றார். பிறகு, புதுசாக வாற ஆள் முற்பணம் தந்தால்தான் உங்களுக்குத் தரலாம் என்றார். அப்போதுதான் விளங்கியது, என் காசு அவரிடம் ஒருநாளும் பத்திரமாக இருந்ததில்லை. கடைசியில், சுவரில் ஆணி அடித்திருக்கிறீர்கள், கிணற்று மோட்டர் பழுது, பெயின்ட் அடிக்க வேணும், கணக்குப் பார்த்தால் நீங்கள்தான் தர வேணும் என்றார். அந்த மோட்டரை எங்கள் காசில் இரண்டு தரம் திருத்தினோம்! தரகரைக் கேட்டால், "நான் வீடு காட்டின ஆள் மட்டும்தான் தங்கச்சி." பொலிசில், இது சிவில் விசயம், மத்தியஸ்த சபைக்குப் போங்க என்றார்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் முற்பணம் வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்று ஒரு சட்டத்தரணியிடம் ஓடினேன். இருக்கிறதுதான், 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தில். ஆனால் 1980இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு கட்டிய குடியிருப்பு வீடுகள் அதற்குள் வராதாம். இந்த வீடு சுனாமிக்குப் பிறகு கட்டியது. ஆக ஒன்பது மாதம் கேட்டாலும் பதினெட்டு மாதம் கேட்டாலும் தடுக்க ஆளில்லை. இந்தியாவில் 2021இல் மாநிலங்களுக்காக எழுதிய மாதிரி வாடகைச் சட்டத்தில், குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைதான் உச்சம் என்று போட்டிருக்கிறார்கள். இங்கே வாடகைக்கு இருக்கிற எங்களுக்காக அப்படி ஒரு வரி எழுத யாருக்கும் ஏன் தோன்றவில்லை? 2023இல் ஒரு சட்டம் வந்தது, அதுவும் வீட்டுக்காரர் வீட்டை விரைவாகத் திரும்ப எடுப்பதற்கு.

சட்டத்தரணி இன்னொன்றும் சொன்னார். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டிலிருந்தே அதுதான் சட்டமாம். நான் கொப்பித் தாளை வைத்திருக்கிறேன்.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது. இவ்வளவுதான்: மூன்று மாதத்துக்கு மேல் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். நொத்தாரிசிடம் எழுதுங்கள், காசு திரும்பும் திகதியையும் போடுங்கள். காசைப் பேங்க் மூலம் கொடுங்கள். போகிற அன்று வீடு முழுவதையும் வீடியோ எடுங்கள். காசு கைக்கு வராமல் திறப்பைக் கொடுக்காதீர்கள்.

மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்று காலையில் அதே முகநூல் பக்கத்தில் அதே வீடு மறுபடி வந்திருக்கிறது, கொய்யா மரத்தடியில் எடுத்த படத்தோடு. இந்த முறை முற்பணம் ஒரு வருடம்.