ரூம் உடைச்சு பூசும்போது டிஷ் கேபிள்: பூச்சுக்குள்ளயா, கேசிங்லயா, பைப்லயா?

போன சித்திரையில அம்மாக்காக கீழ உள்ள ரூமை சரி பண்ணினோம். கன்னியாகுமரி மாவட்டத்துல மணவாளக்குறிச்சி பக்கம், கடல் கிட்டதான், சுவர்ல உப்பு கேறி பூச்சு பொரிஞ்சு பொரிஞ்சு விழுந்துட்டே இருந்துச்சு. பழைய பூச்சை கொத்தி எடுத்து செங்கல் தெரிய நின்னப்போ எலக்ட்ரீஷியன் அண்ணன் கேட்டாரு, "தம்பி, டிஷ் வயரை அப்படியே வச்சு பூசிரலாமா, பைப் போடணுமா, இல்ல பொறவு சுவருக்கு வெளிய கேசிங், அதான் மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டி, அடிச்சுக்கலாமா?" நான் யோசிக்கவே இல்ல, பைப்னு சொல்லிட்டேன். ஏன்னா முதல் வழிய ஏற்கனவே ஒரு தடவை அனுபவிச்சாச்சு.

2013ல வீட்டு வேலை நடந்தப்போ கேபிளை நேரா சுவர்ல பதிச்சு மேல சிமெண்ட் பூசிட்டாங்க. பாக்க சுத்தமா இருந்துச்சு, நாலு வருஷம் ஒரு குறையும் இல்ல. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் வந்தப்போ மொட்டமாடில இருந்த டிஷ் பிச்சுக்கிட்டு தென்னந்தோப்புல போய் கிடந்துச்சு. கரண்ட் வரவே நாள்கணக்காச்சு, அதுக்கப்புறம் புது டிஷ்ஷை காத்து கொஞ்சம் மறையுற மூலையா பாத்து வச்சாங்க, அங்க வரை பழைய கேபிள் எட்டல, நாலு மீட்டர் குறைவு. சுவருக்குள்ள இருக்கறதை உருவ முடியாதுல்ல, அதனால ஒரு ஜாயிண்டர் போட்டு நீட்டி விட்டாங்க.

அந்த ஜாயிண்ட்லதான் எல்லா தொல்லையும். ரெண்டு மழைக்காலம் போனதும் பாதி சேனல் வரும், பாதி வராது. பாக்ஸ்தான் போச்சுன்னு பாக்ஸை மாத்தினோம், சரியாகல. காரணம் பின்னாடிதான் புரிஞ்சுது. டிஷ் முன்னாடி சிக்னலை பிடிக்கிற தலை இருக்குல்ல, எல்என்பின்னு சொல்லுவாங்க, அதுக்கு கரண்ட் போறதும் இதே கேபிள் வழியாதான், 13 வோல்ட் போனா ஒரு போலரைசேஷன் (சிக்னல் அலை நெட்டையா வருதா, படுக்கையா வருதாங்கறது) சேனல், 18 வோல்ட் போனா இன்னொரு போலரைசேஷன். ஜாயிண்ட்ல துரு பிடிச்சு வோல்டேஜ் இறங்கினா 18 கேக்குற சேனல் மட்டும் காணாம போயிடும், மத்தது நல்லா ஓடும். கழட்டி பாத்தா நடுக்கம்பி நுனி செங்கல் பொடி மாதிரி உதிருது. கேபிள் நுனில மாட்டுற எஃப் கனெக்டர்ல தனியா பின் கிடையாது, கேபிளோட நடுக்கம்பிதான் பின், அது அரிச்சா அவ்வளவுதான்.

அதனால பூச்சுக்குள்ள நேரா பதிக்கிறதை பத்தி எனக்கு அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, செய்யாதீங்க.

கேசிங் பட்டி அப்படி இல்ல, நல்ல வழிதான். குலசேகரத்துல அக்கா வீட்ல அதுதான் இருக்கு. அவங்க சுவரை உடைக்கவே இல்ல, பெயிண்ட் மட்டும்தான், அந்த நிலைமைல நானும் அதையேதான் செஞ்சிருப்பேன். மூடியை கழட்டினா கேபிள் கைல வந்துரும். ஆனா மூலைல கேபிளை சட்டுனு மடக்கிடுறாங்க, அது நல்லதில்ல, அப்புறம் தூசி, பல்லி, பெயிண்ட் அடிக்கும்போதெல்லாம் ஒரு தகராறு. பத்து வருஷம் கழிச்சு அந்த பட்டி எப்படி இருக்கும்னு நான் பாத்ததில்ல, அக்கா வீட்ல போட்டு மூணு வருஷம்தான் ஆகுது.

சுவர் ஏற்கனவே கொத்தி கிடக்குன்னா பைப்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஒரே காரணம், நாளைக்கு கேபிளை உருவி வேற போடலாம். ஆனா பைப் போட்டா மட்டும் உருவ வந்துராது, இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. திருப்பத்துல சட்டுனு மடங்குற எல்போ வச்சா கேபிள் அங்கயே முட்டிக்கும், நீளமா வளையுற பெண்ட்தான் வைக்கணும், ரெண்டு திருப்பத்துக்கு மேல போனா நடுவுல ஒரு பெட்டி வைக்கணும். டிஷ்ஷுக்கு போடுற ஆர்ஜி6 கேபிள் ஏறக்குறைய 7 மில்லி தடிமன், அதுல ரெண்டும் இன்டர்நெட்டுக்கு ஒரு லேன் கேபிளும் சிரமமில்லாம போக 25 மில்லி பைப் எடுத்தோம். கரண்ட் வயர் போற பைப்ல இதை கூட்டு சேக்கவே கூடாது, தனியா, தள்ளி போகணும். கொத்தனாரு பூசுறதுக்கு முன்னாடி பைப் வாயை துணி வச்சு அடைச்சிரணும், சிமெண்ட் உள்ள போய் இறுகிட்டா போட்டதே வீண். கேபிளோட கூடவே வலைக்கு போடுற நைலான் கயிறு ஒண்ணும் முழு நீளத்துக்கு உள்ள விட்டு ரெண்டு பக்கமும் முடிச்சு போட்டு வச்சோம். இதுக்கெல்லாம் கூடுதலா ஆன செலவு கொத்தனாரு ஒருநாள் கூலி கூட வரல.

கேபிள் எதுன்னு கேட்டா, பழைய லோக்கல் கேபிள் டிவிக்கு ஓடின மெல்லிசு ஆர்ஜி59 வேண்டாம். டிஷ் கேபிள்ல 950ல இருந்து 2150 மெகாஹெர்ட்ஸ் வரை சிக்னல் வருது, மெல்லிசு கேபிள்ல அது வழியிலேயே தேஞ்சிடும். ஆர்ஜி6லயே ரெண்டு வகை இருக்கு, நடுக்கம்பி முழு செம்பு, இல்லைன்னா இரும்புக்கு மேல செம்பு பூசினது. காந்தம் வச்சு பாருங்க, ஒட்டினா இரும்பு. சிக்னலை மட்டும் பாத்தா பெரிய வித்தியாசம் இல்ல, அது கம்பியோட மேல்தோல்லதான் ஓடுது, எங்க வீட்டு 18 மீட்டருக்கு வோல்டேஜும் ஒரு பிரச்சனை இல்ல. ஆனா வெட்டின நுனில இரும்பு வெளிய தெரியுது, உப்புக்காத்துக்கு அது போதும். அதனால நான் முழு செம்பு எடுத்தேன். உள்நாட்டு பக்கம் இருக்கவங்களுக்கு இந்த செலவு அவசியமான்னா, அவசியம்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது.

நமக்கு ஆனியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை. அதனால கேபிள் சுவருக்குள்ள நுழையுற இடத்துல கீழ ஒரு தொங்கல் விட்டு மேல ஏத்துங்க, தண்ணி அங்கயே சொட்டிரும், ஓட்டையும் வெளிப்பக்கம் சரிஞ்சு இருக்கட்டும். மழை அடிக்கும்போது படம் போய் மழை விட்டதும் வந்துட்டா அது வானத்து விஷயம், கேபிளை தொடாதீங்க. மழை விட்டும் வெயில் ஏறின பிறகுதான் வருதுன்னா கனெக்டர்ல தண்ணி இருக்கு.

இந்த தை மாசம் மாடில அணில் கேபிளை நல்லா கடிச்சு வச்சிருச்சு. இந்த தடவை ஜாயிண்டர் பேச்சே எடுக்கல. புது கேபிள் நுனியை பழசோட சேத்து டேப் சுத்தி, கொஞ்சம் பவுடர் தடவி, நான் மேல இருந்து விட, தம்பி கீழ இருந்து இழுத்தான். முதல் பெண்ட்ல ஒரு நிமிஷம் நின்னுச்சு, லேசா பின்னாடி தள்ளி திரும்ப இழுத்ததும் வழுக்கிட்டு வந்துருச்சு. அம்மா சீரியல் ஆரம்பிக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சுது.