ஆர்லாண்டோவில் ஒரு டிசம்பர் மாலை: மிக்கியின் விருந்தா, ஜாலிவுட்டா, எப்காட்டா?

டிசம்பர் மாதத்தில் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குச் செல்லும் குடும்பங்களுக்குப் பகல் பொழுது பெரிய குழப்பம் தருவதில்லை. மாலைப் பொழுதுதான் குழப்பம் தருகிறது. வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவில் நடக்கும் ‘மிக்கிஸ் வெரி மெரி கிறிஸ்மஸ் பார்ட்டி’க்குத் தனியாகப் பணம் கட்டுவதா, ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவின் ‘ஜாலிவுட் நைட்ஸ்’ கொண்டாட்டத்துக்குப் போவதா, கையில் இருக்கும் பகல் டிக்கெட்டைக் கொண்டே எப்காட் பூங்காவின் விடுமுறைத் திருவிழாவில் மாலையைக் கழிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மூன்றும் ஒரே நிறுவனத்தின் பூங்காக்கள். மூன்றிலும் விளக்கு அலங்காரமும் கிறிஸ்மஸ் மரமும் பாட்டும் உண்டு. ஆயினும் அவை மூன்று வெவ்வேறு வகைக் குடும்பங்களுக்கு உரியவை என்பதே என் உறுதியான கருத்து. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், பேர்பெற்றது என்பதற்காகவே முதலாவதற்கு டிக்கெட் வாங்கிவிட்டு, தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து மணிக்கு முன்பே வெளியேறும் பெற்றோரை அங்கு நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்தும்.

முதலில் செலவைப் பார்த்துவிடலாம். மிக்கி விருந்தின் கட்டணம் தேதிக்குத் தேதி மாறும். 2024ஆம் ஆண்டில் பெரியவர் ஒருவருக்கு 169 டாலரில் தொடங்கி, கிறிஸ்மஸை ஒட்டிய இரவுகளில் 219 டாலர் வரை சென்றது. மூன்று முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகளுக்குப் பத்து டாலர் மட்டுமே குறைவு. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொண்டால், மிகக் குறைந்த கட்டண நாளிலும் 656 டாலர் ஆகிறது. வரியையும் சேர்த்தால் ஏறத்தாழ 700 டாலர். ஜாலிவுட் நைட்ஸ் தொடங்கிய 2023ஆம் ஆண்டில் அதன் கட்டணம் 159 முதல் 179 டாலர் வரை இருந்தது. எப்காட் திருவிழாவுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. பல நாள் டிக்கெட் வாங்கியவர்களுக்கு அந்த மாலை கூடுதல் செலவில்லாமலே கிடைக்கிறது. இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, அந்த 700 டாலருக்கு வேறெங்கும் கிடைக்காத எது கிடைக்கிறது என்று கேட்டுப் பார்ப்பதே சரியான தொடக்கம்.

மிக்கி விருந்து 1983ஆம் ஆண்டு தொடங்கியது. நவம்பர் முற்பகுதியிலிருந்து கிறிஸ்மஸுக்குச் சில நாள் முன்பு வரை, தேர்ந்தெடுத்த இரவுகளில் மட்டும், ஏழு மணி முதல் நள்ளிரவு வரை நடக்கிறது. பகல் டிக்கெட் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அன்று பூங்கா ஆறு மணிக்கே மூடப்பட்டுவிடும். விருந்து டிக்கெட் வைத்திருப்பவர்களோ மாலை நான்கு மணி முதலே உள்ளே வரலாம். கையில் ஒரு பட்டை கட்டி அனுப்புவார்கள். ஆகவே ஐந்து மணி நேர விருந்து என்று சொல்லப்படுவது உண்மையில் எட்டு மணி நேரம். இதை அறியாமல் அதே நாளுக்குப் பகல் டிக்கெட்டையும் வாங்குவது வீண் செலவு. அன்று பகலில் நீச்சல்குளத்திலோ அறையிலோ ஓய்வெடுத்துவிட்டு, பிள்ளைகளைக் கட்டாயமாகப் படுக்கவைத்து எழுப்பி, நான்கு மணிக்கு வாயிலில் நிற்பதே சிறந்த ஏற்பாடு.

அன்றிரவு அங்கு மட்டுமே கிடைப்பவை மூன்று. ஒன்று, ‘ஒன்ஸ் அபான் எ கிறிஸ்மஸ்டைம்’ அணிவகுப்பு. மரப்பொம்மைச் சிப்பாய்கள் விறைத்த கால்களோடு வரிசையாக நடந்து வருவதும், இஞ்சி ரொட்டி மனிதர்கள் ஆடி வருவதும், கடைசி வண்டியில் சாண்டா கிளாஸ் வருவதும் எந்த வயதினரையும் எழுந்து நிற்கவைக்கும். இரண்டு, 2019இல் தொடங்கிய ‘மின்னிஸ் வொண்டர்ஃபுல் கிறிஸ்மஸ்டைம்’ வாணவேடிக்கை. மூன்று, வாயிலிலிருந்து கோட்டைக்குச் செல்லும் மெயின் ஸ்ட்ரீட்டில் விழும் பனி. அது சோப்பு நுரைதான் என்று பெரியவர்களுக்குத் தெரியும். பனியையே பார்த்திராத ஒரு பாட்டியும் அவர் பேரனும் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அந்த அறிவு ஒரு பொருட்டாக இருப்பதில்லை. இவை தவிர, பூங்காவின் பல இடங்களில் குக்கீகளும் சூடான கோகோவும் விலையின்றித் தருகிறார்கள். குக்கீகளில் முட்டை சேர்வது வழக்கம் என்பதால், முட்டை சேர்க்காத சைவக் குடும்பங்கள் கொடுக்குமிடத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த விருந்தின் உண்மையான சிக்கல் அதற்கு உள்ளேயே இருக்கிறது. நேரம் குறைவு, ஒன்றையொன்று மோதும் நிகழ்ச்சிகள் அதிகம். அண்மை ஆண்டுகளில் முதல் அணிவகுப்பு எட்டரை மணியளவிலும், வாணவேடிக்கை பத்து மணியளவிலும், இரண்டாவது அணிவகுப்பு பதினொரு மணியளவிலும் நடந்துவருகின்றன. அணிவகுப்பு பூங்காவின் ஒரு பகுதியான ஃபிரான்டியர்லேண்டில் புறப்பட்டு, கோட்டை முன்பாகத் திரும்பி, மெயின் ஸ்ட்ரீட் வழியாக வாயில் பக்கம் முடிகிறது. முதல் அணிவகுப்புக்கு மெயின் ஸ்ட்ரீட் ஓரத்தில் நல்ல இடம் வேண்டுமானால் ஒரு மணி நேரம் முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். விலை கொடுத்து வாங்கிய ஐந்து மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை நடைபாதையில் செலவழிப்பது எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது அணிவகுப்புக்குக் கூட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். கால் மணி நேரம் முன்னதாகச் சென்றாலே முன்வரிசை கிடைத்துவிடுகிறது. ஆகவே, பிள்ளைகள் பதினொரு மணி வரை விழித்திருப்பார்கள் என்றால் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கலாம். அது முடியாதென்றால், முதல் அணிவகுப்பை அது புறப்படும் ஃபிரான்டியர்லேண்டிலேயே பார்த்துவிடலாம். மெயின் ஸ்ட்ரீட்டில் காத்திருப்பவர்களுக்கு அது வந்து சேரும் முன்பே உங்களுக்கு முடிந்துவிடும்.

எல்லோரும் அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரமே சவாரிகளுக்கான பொன்னான நேரம். பகலில் மலைக்கவைக்கும் வரிசை கொண்ட செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின், 2023இல் திறக்கப்பட்ட டிரான் ஆகியவற்றிலும் எட்டரை மணிக்கு மேல் வரிசை சுருங்கும். கட்டணம் செலுத்தி முந்திச் செல்லும் தனி வரிசை விருந்து நேரத்தில் இல்லை என்பதால், இருக்கும் ஒரே வரிசை நின்று நின்று நகராமல் சீராக நகர்கிறது. ஸ்பேஸ் மவுண்டனில் அன்று கிறிஸ்மஸ் இசை ஒலிக்கும். ஆனால், சவாரிகளுக்காக மட்டுமே இந்த டிக்கெட்டை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை மறுநாள் பகலிலும் அங்கேயே இருக்கின்றன. கதாபாத்திரங்களோடு படம் எடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் அப்படித்தான்; அரிதாகத் தோன்றும் சிலர் மட்டும் விதிவிலக்கு. ஏழு குள்ளர்களும் ஒன்றாக நிற்பதையோ, சாண்டா உடையணிந்த, ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்’ படத்தின் எலும்புக்கூட்டு நாயகன் ஜாக் ஸ்கெல்லிங்டனையோ காண வேண்டுமென்றால், ஏழு மணிக்கு முன்பே அந்த வரிசையில் சேர்ந்துவிட வேண்டும். அப்படிச் சேர்ந்தால் அந்த மாலையில் அதுதான் முதன்மை என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். படமும் சவாரியும் இரண்டு அணிவகுப்பும் என்று அனைத்துக்கும் ஆசைப்படுபவர்கள் பூங்காவின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடந்தே களைத்துவிடுகிறார்கள்.

ஜாலிவுட் நைட்ஸ் இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. நள்ளிரவைக் கடந்து பன்னிரண்டரை வரை நீளும் இந்தக் கொண்டாட்டம், பழைய ஹாலிவுட்டின் இரவு விருந்து என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. வருவோர் பலரும் நேர்த்தியாக உடுத்தி வருகிறார்கள். பிரவுன் டெர்பி உணவகத்தில் ஜாஸ் இசை, டவர் ஆஃப் டெரர் சவாரியின் முற்றத்தில் ‘டிப் டாப் கிளப்’, மப்பெட் பொம்மைகளான மிஸ் பிக்கியும் கெர்மிட்டும் மேடையேறும் பாட்டு நிகழ்ச்சி, கட்டடங்களின் முகப்பில் ஒளிப்படம் வீசும் ‘ஜிங்கிள் பெல், ஜிங்கிள் பாம்’ வாணவேடிக்கை ஆகியவையே இதன் சிறப்புகள். இங்கே மெயின் ஸ்ட்ரீட் அணிவகுப்பைப் போன்ற ஒன்று இல்லை. குக்கீயும் கோகோவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. சிறப்பு உணவும் பானமும் தனியாக வாங்க வேண்டியவை. ஆகவே, கட்டணத்தில் தெரியும் சிறிய சேமிப்பு உள்ளே சென்றதும் கரைந்துவிடும். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கும், பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு இருவராக வெளியே செல்லும் தம்பதியருக்கும் இது பொருந்தும். ஆறு வயதுக் குழந்தையை இங்கே அழைத்துச் செல்வதில் எனக்கு ஒரு பயனும் தெரியவில்லை.

எப்காட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருடன் மூன்று தலைமுறையாகச் செல்லும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் இதைக் கணக்கில் கொள்வதே இல்லை. நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் 30 வரை நடக்கும் இந்தத் திருவிழாவில், ஏரியைச் சுற்றி அமைந்த பதினோரு நாட்டு அரங்குகளிலும் அந்தந்த நாட்டின் வழக்கங்களைக் கதைசொல்லிகள் எடுத்துரைக்கிறார்கள். இத்தாலி அரங்கில் குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் லா பெஃபானா என்ற கிழவி வருகிறாள். பிரான்ஸ் அரங்கில் அந்நாட்டுச் சாண்டாவான பேர் நோயல் வருகிறார். ஜப்பான் அரங்கில் தாருமா பொம்மையின் பொருளை விளக்குகிறார்கள். குழந்தைகளுக்கென்று ஒரு குக்கீ உலா உண்டு. வெவ்வேறு கடைகளில் ஐந்து குக்கீகள் வாங்கி முத்திரை பெற்றால் ஒரு சிறு பரிசுக் குக்கீ கிடைக்கும். சைவ உணவுக்கும் இங்குதான் வாய்ப்பு அதிகம்.

இந்தத் திருவிழாவின் உயிர் ‘கேண்டில்லைட் புரொசெஷனல்’. 1958ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் தொடங்கிய இந்நிகழ்ச்சி, ஃபுளோரிடாவில் முதலில் மேஜிக் கிங்டத்தில் நடைபெற்று, 1994 முதல் எப்காட்டில் நடைபெறுகிறது. பெரிய இசைக்குழுவும், கையில் மெழுகுவர்த்தி ஏந்திய பெருங்கூட்டப் பாடகர் குழுவும் சூழ்ந்திருக்க, இயேசுவின் பிறப்புக் கதையைப் புகழ்பெற்ற ஒருவர் வாசிக்கிறார். நீல் பேட்ரிக் ஹாரிஸ் பல ஆண்டுகள் வாசித்திருக்கிறார். ஓர் இரவில் மூன்று காட்சிகள். கட்டணமின்றி வரிசையில் நின்று இடம் பிடிக்கலாம். வரிசையில் நிற்க இயலாத முதியவர்கள் இருந்தால், குறிப்பிட்ட உணவகங்களில் சாப்பாட்டோடு இருக்கையையும் உறுதிசெய்யும் தொகுப்பை முன்பதிவு செய்யலாம். இந்த ஒரு செலவை மட்டும் தயங்காமல் செய்யச் சொல்வேன். மேஜிக் கிங்டத்தில் எந்த நிகழ்ச்சியிலும் கிடைக்காத ஓர் அமைதி அந்த அரங்கில் உண்டு. எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாக எழும்போது உடல் சிலிர்க்கும். இதன் பிறகு ஏரியின் மேல் நடக்கும் வாணவேடிக்கையையும் பார்த்துவிட்டு, நள்ளிரவுக்கு வெகு முன்பே அம்மா அப்பாவை அறைக்கு அழைத்துச் சென்றுவிடலாம். ஒரே குறை நடை: ஏரியைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. ஏரியைக் கடக்கப் படகும் உண்டு.

கிறிஸ்மஸ் வாரத்தில் மட்டுமே விடுமுறை கிடைப்பவர்களுக்கு நான்காவது வழியும் இருக்கிறது. விருந்து இரவுகள் முடிந்தபின், டிசம்பர் இறுதி வாரத்தில் அதே கிறிஸ்மஸ் அணிவகுப்பைச் சாதாரண டிக்கெட்காரர்களுக்கும் நடத்துகிறார்கள். காசு மிச்சம்தான். ஆனால் ஆண்டிலேயே அதிகக் கூட்டம் அந்த வாரத்தில்தான். குறைந்த வரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை. வேறு நிறுவனமான யுனிவர்சலின் பூங்காக்களில் கிரிஞ்ச் என்ற கதாபாத்திரத்தின் கிறிஸ்மஸ் கொண்டாட்டமான கிரிஞ்ச்மஸும், ஹாக்வார்ட்ஸ் கோட்டையின் மேல் ஒளிக்காட்சியும் பகல் டிக்கெட்டிலேயே அடங்கும். ஹாரி பாட்டர் வாசகர்கள் வீட்டில் இருந்தால் அந்த மாலையை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், நான்கு முதல் பத்து வயதுக்குள் பிள்ளைகள் இருந்து, முதல் முறையாகச் செல்லும் குடும்பம் மிக்கி விருந்துக்கே செல்ல வேண்டும். கட்டணமும் கூட்டமும் குறைவான நவம்பர் மாதத்து வார நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாத்தா பாட்டியும் உடன் வந்தால் எப்காட்டே நல்லது. இதில் இன்னொரு ஆதாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: விருந்து நடக்கும் நாட்களில் பூங்கா சீக்கிரம் மூடுவதால் பலரும் பகலில் மேஜிக் கிங்டத்தைத் தவிர்த்துவிடுகிறார்கள். ஆகவே, விருந்துக்குப் போகாதவர்கள் அதே நாளில் காலையில் அங்கு சென்று குறைந்த கூட்டத்தில் சவாரிகளை முடித்துவிட்டு, மாலையில் எப்காட்டுக்கு மாறிவிடலாம். அதற்கு ஒரே நாளில் பூங்கா மாற அனுமதிக்கும் டிக்கெட் வேண்டும்.

எந்த மாலையைத் தேர்ந்தாலும் ஒரு கம்பளி மேலாடை தேவை. டிசம்பர் பகலில் ஆர்லாண்டோ 23 பாகை செல்சியஸ் வரை இருக்கும். இரவில் 11 பாகைக்கு இறங்கிவிடும். அரைக்கைச் சட்டையோடு வந்து, இரவில் குளிர் தாங்காமல் கடையில் விலையுயர்ந்த மேலங்கி வாங்குபவர்கள் ஏராளம். மேஜிக் கிங்டத்தில் வண்டி நிறுத்துமிடம் வாயிலை ஒட்டி இல்லை. ஏரியைக் கடந்து மோனோரயிலிலோ படகிலோதான் போய்வர வேண்டும். நள்ளிரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்படும்போது, கண்ணில் முதலில் படும் மோனோரயில் வரிசையை நோக்கி ஓடாமல் படகுத்துறையையும் எட்டிப் பாருங்கள். ஒரு படகில் 600 பேர் வரை ஏறலாம். அவசரமில்லாதவர்கள் மெயின் ஸ்ட்ரீட்டில் இன்னும் திறந்திருக்கும் கடைகளில் அரை மணி நேரம் இருந்துவிட்டு, கூட்டம் வடிந்த பிறகு குழந்தையைத் தள்ளுவண்டியில் தூங்கவைத்துக்கொண்டு கிளம்பலாம்.