ஜிபி5 ஹோண்டா ஃபிட் வாங்க இருப்பவர்கள் முற்பணம் கட்டுவதற்கு முன் வாசிக்கவும்

கொழும்புப் புறநகரில் உள்ள ஒரு வாகன விற்பனை நிலையத்தில், 2014ஆம் ஆண்டு தயாரான, ஜிபி5 என்ற மாதிரிக் குறியீடு கொண்ட ஹோண்டா ஃபிட் ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும்) காரை வாங்கி ஏமாற்றப்பட்டேன். இதே காரைத் தேடுபவர்கள் அதே வலையில் விழக்கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

ஜப்பானில் ஃபிட் என்று விற்பனையான இந்தக் கார், இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஜாஸ் என்ற பெயரில் வந்தது. இந்த இரட்டைப் பெயரையே விற்பனையாளர் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார். கியர்பாக்ஸைப் பற்றி விசாரித்தபோது, "இதுவும் ஜாஸும் ஒன்றுதான் தம்பி, ஏதும் பழுதென்றால் இந்தியாவிலிருந்து மலிவாகச் சாமான் எடுக்கலாம்" என்று உறுதியாகச் சொன்னார். அது முழுப் பொய். 2015இல் இந்தியாவில் வெளிவந்த ஜாஸில் 1.2 லீற்றர் பெற்றோல் எஞ்சினோ 1.5 லீற்றர் டீசல் எஞ்சினோதான் இருந்தது. ஹைபிரிட் வகை அங்கே விற்கப்படவில்லை. ஜப்பானிலிருந்து நம் நாட்டுக்கு வந்த, சேசி இலக்கம் ஜிபி5 என்று தொடங்கும் ஃபிட்டிலோ 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சினுடன், மின்மோட்டாரை உள்ளடக்கிய ஏழு வேக இரட்டைக் கிளச் கியர்பாக்ஸ் பூட்டப்பட்டிருக்கிறது. இந்திய ஜாஸைக் கழற்றி இதற்கு ஒரு கியர்பாக்ஸ் எடுக்கவே முடியாது.

அந்தக் கியர்பாக்ஸ்தான் பிரச்சினையின் மையம். 2013 செப்டெம்பரில் இந்த ஃபிட் அறிமுகமாகி ஏறத்தாழ ஓராண்டுக்குள், ஜப்பானிலேயே ஐந்து முறை திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டது. அவற்றுள் சில கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டு மென்பொருளைப் பற்றியவை. நான் வாங்கிய கார் கடுகண்ணாவை ஏற்றத்தில், நெரிசலில் நின்று நின்று ஊர்ந்தபோது குலுங்கத் தொடங்கி, எச்சரிக்கை விளக்கு எரிந்து, பின்னர் கியரே விழாமல் நின்றுவிட்டது. கிளச் தேய்ந்து முடிந்துவிட்டதாகக் கராஜில் கூறினார்கள்.

மீட்டரில் 54,000 கிலோமீற்றர்தான் காட்டியது என்பதால் எனக்குச் சந்தேகம் எழுந்தது. சேசி இலக்கத்தைக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, ஜப்பானிய ஏலத் தாளை, அதாவது அங்கே ஏலத்தில் விற்கும்போது காரின் நிலையையும் ஓட்டத்தையும் பரிசோதித்து எழுதும் அறிக்கையை, நானே நேரடியாகப் பெற்றேன். விற்பனையாளர் காட்டிய பிரதியில், நல்ல நிலையில் உள்ள காரைக் குறிக்கும் தரம் 4 என்றிருந்தது. நான் பெற்ற தாளிலோ, விபத்தில் அடிபட்டுப் பழுதுபார்க்கப்பட்ட வாகனத்தைக் குறிக்கும் ஆர் என்ற எழுத்தும், 112,000 கிலோமீற்றர் என்ற ஓட்டமும் பதிவாகியிருந்தன. ஏலத்தில் விற்கப்பட்டபோதே அவ்வளவு ஓடியிருந்த கார் அது! இரண்டு தாள்களையும் முன்னால் வைத்துக் கேட்டபோது, வாகனத்தை உள்ள நிலையிலேயே ஏற்றுக்கொண்டதாக நான் கையெழுத்திட்டிருப்பதைக் காட்டிவிட்டு, வேறெதுவும் பேச மறுத்துவிட்டார்.

ஆகவே, விற்பவர் நீட்டும் ஏலத் தாளை ஏற்காதீர்கள்; சேசி இலக்கத்தை வாகனத்திலிருந்தே குறித்துக்கொண்டு தாளை நீங்களே தருவியுங்கள். அதே இலக்கத்தை ஹோண்டாவின் ஜப்பானிய இணையத்தளத்தில் இட்டால், திருத்தம் ஏதும் செய்யப்படாமல் எஞ்சியிருக்கிறதா என்பதும் தெரியவரும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஓர் ஏற்றத்தில் நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம். இரண்டு தாள்களின் பிரதிகளையும் இணைத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு செய்திருக்கிறேன். விசாரணை இன்னும் முடியவில்லை.