பட்டா சிட்டா ஆன்லைன் சேவை: "நான்தான் ஓனர்"னு சொல்றவர் யாருன்னு பாக்கறதுக்கு

இடம் பாக்கப் போனா எல்லாரும் முதல்ல கேக்கறது "யாரு பேர்ல இருக்கு?"ன்னுதான். புரோக்கர் உடனே "டைரக்ட் ஓனர் சார், நேரா உக்காந்து பேசிக்கலாம்"ம்பாரு. அந்த ஓனர்ங்கற ஒரு சொல்லுக்குள்ள பட்டாதாரர் இருக்கலாம், கிரயம் வாங்கிட்டு பட்டா மாத்தாம விட்டவர் இருக்கலாம், அப்பா போனப்புறம் நாலு வாரிசுல ஒருத்தர் இருக்கலாம், பவர் ஏஜெண்ட் இருக்கலாம், வெறும் அக்ரிமெண்ட் போட்டு அட்வான்ஸ் குடுத்துட்டு கைமாத்திவிடப் பாக்கறவரும் இருக்கலாம். இதுல யாருன்னு வீட்ல உக்காந்தே ஓரளவு பிரிச்சுப் பாக்க முடியுதுன்னா அது தமிழ்நாடு அரசோட இ-சேவை சைட்ல இருக்கற பட்டா (நிலம் யாரு பேர்ல இருக்குன்னு காட்டற வருவாய்த்துறைத் தாள்), சிட்டா (நன்செயா புன்செயா, பரப்பு எவ்வளவுன்னு காட்டற கிராமக் கணக்குப் பதிவு) பக்கத்தாலதான், அதனால அதைப் பத்தி கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

உள்ள போனா மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுக்கணும், அப்புறம் பட்டா எண்ணோ புல எண்ணோ போட்டா போதும். பட்டா வந்துரும், பாக்கறதுக்கு காசு கிடையாது. புல எண்ணுங்கறது சர்வே நம்பர்தான், உட்பிரிவும் சேத்துப் போடணும், 112ன்னு நிறுத்தாம 112/3ஏ வரைக்கும் விக்கறவர்கிட்ட கேட்டு வாங்கிக்கோங்க. முன்னாடி பட்டா தனி, சிட்டா தனின்னு இருந்தது, இப்ப ரெண்டும் ஒரே தாள்ல வந்துருது. டவுன் இடமா இருந்தா அதே சைட்ல நகர்ப்புறம்னு தனியா இருக்கு, அங்க வார்டு, பிளாக்னு கேக்கும். கீழ ஒரு குறிப்பு எண் இருக்கும் பாருங்க, எனக்கு இந்த சேவைல ரொம்பப் பிடிச்சதே அதுதான். யாராவது பட்டா ஜெராக்ஸைக் காட்டி "எல்லாம் கிளியர்"னா அந்த நம்பரை அதே சைட்ல போட்டு அது நிஜப் பட்டாவான்னு அங்கயே சரிபாக்கலாம். ஜெராக்ஸை நம்பி அட்வான்ஸ் குடுக்கற காலம் எப்பவோ போயிருக்கணும், ஆனா இன்னும் நிறைய பேர் குடுக்கறாங்க, அதான் மனசு கேக்காம எழுதறேன்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். பட்டால மேல "உரிமையாளர்கள் பெயர்"னு தலைப்பு போட்டு, இன்னார் மகன் இன்னார், இன்னார் மனைவி இன்னார்னு வரும். அதைப் பாத்ததும் சரி இவர்தான் ஓனர்னு முடிவு பண்ணிரக்கூடாது. பட்டாங்கறது வருவாய்த்துறை ஆவணம். விவசாயிகிட்டயே நேரா நிலவரி வாங்கின வெள்ளைக்காரன் கால ரயத்துவாரி முறைலேர்ந்து அதோட வேலை இந்த நிலத்துக்கு யாருகிட்ட தீர்வை (நிலவரி) வாங்கறதுன்னு பதிஞ்சு வைக்கறதுதான், இப்பவும் பட்டால தீர்வை ரூபாய் பைசான்னு ஒரு கட்டம் இருக்கறது அதனாலதான். வருவாய்ப் பதிவுல பேர் இருக்கறதால மட்டும் உரிமை வந்துராதுன்னு சுப்ரீம் கோர்ட் பல தீர்ப்புல திரும்பத் திரும்ப சொல்லியிருக்கு. உரிமை வர்றது பதிவான கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, தானம், உயில், வாரிசுரிமை இந்த மாதிரி வழிலதான். அதுக்காக பட்டா வேண்டாம்னு சொல்லல, பத்திரம் இருந்து பட்டா வேற பேர்ல இருந்தா நாளைக்கு லோன், பிளான் அப்ரூவல்னு ஒவ்வொண்ணுலயும் நிக்கும்.

அதனால இதோட கூடவே பதிவுத்துறை சைட்ல வில்லங்கம் பாக்கணும், அதாவது ஈசி, இந்த இடத்துமேல என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்குன்னு காட்டற பட்டியல். அதுவும் ஆன்லைன்ல சும்மா பாக்கலாம், கையெழுத்தோட சர்டிபிகேட்டா வேணும்னாதான் பீஸ். ஈசில ஓனர்ங்கற பேச்சே இருக்காது, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் அவ்வளவுதான். இங்கதான் நிறைய பேர் தடுமாறுறாங்க, கடைசி வரில எழுதி வாங்கியவர் யாரோ அவர்தான் ஓனர்னு நினைச்சுக்கறாங்க. பக்கத்துல ஆவணத்தோட தன்மைன்னு ஒரு கட்டம் இருக்கும், அதையும் சேத்துப் படிக்கணும். கிரயமா இருந்தா சரி. அடமானமா இருந்தா எழுதி வாங்கியவர் பெரும்பாலும் பேங்க்கா இருக்கும், கடன் அடையலேன்னா பத்திரம் பொதுவா பேங்க்லதான் இருக்கும். விற்பனை ஒப்பந்தமா இருந்தா வாங்கியவருக்கு நிலத்துல உரிமை எதுவும் வரல, 1882ம் வருஷ சொத்து மாற்றுச் சட்டத்தோட 54ம் பிரிவே அதைத்தான் சொல்லுது.

பவர், அதாவது தன் சார்பா கையெழுத்துப் போட இன்னொருத்தருக்கு எழுதிக் குடுக்கற அதிகாரப் பத்திரம், அந்த விஷயத்துல இன்னும் கவனம். பத்திரத்துல முதல்வர், முகவர்னு ரெண்டு பேர் வருவாங்க. முதல்வர்தான் சொத்துக்காரர், முகவர் அவர் சார்பா கையெழுத்துப் போடறவர். நம்மகிட்ட வந்து ஓனர் மாதிரி பேசறது, விலை பேசறது எல்லாம் அந்த முகவரா இருப்பாரு. பவர் பத்திரத்தை வச்சே சொத்து கைமாறிட்டதா ஆயிராதுன்னு 2011ல சூரஜ் லேம்ப் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லிருச்சு. பவர் குடுத்தவர் இறந்துட்டா பவரும் பொதுவா அதோட முடிஞ்சுபோகும். அதனால முதல்வரை ஒரு தடவையாவது நேர்ல பாத்துப் பேசாம பணம் குடுக்காதீங்க, வெளியூர்ல இருக்காருன்னா வீடியோ கால்லயாவது பேசுங்க.

பட்டால தாத்தா பேரே இன்னும் இருக்கறது கிராமத்துப் பக்கம் சர்வசாதாரணம். 1979ல ஆரம்பிச்சு எண்பதுகள்ல நடந்த யூடிஆர் (பழைய நிலப் பதிவேடுகளைப் புதுப்பிச்ச அரசுத் திட்டம்) வேலையப்ப ஏறின பேர் பல இடத்துல அப்படியே நிக்குது. அவர் இல்லேன்னா உயில் எதுவும் இல்லாத பட்சத்துல வாரிசு சான்றிதழ்ல எத்தனை பேரோ பொதுவா அத்தனை பேரும் உரிமைக்காரங்க, கட்டிக்குடுத்த பொண்ணுங்களும் சேத்துத்தான். "அக்கா ஒண்ணும் சொல்லமாட்டா"ங்கற வார்த்தைக்கெல்லாம் மதிப்பு கிடையாது, அக்காவும் வந்து கையெழுத்துப் போடணும். கூட்டுப் பட்டான்னா நாலு பேர் பேர் வரும், ஆனா யாருக்கு எவ்வளவு பங்கு, யாரு எந்தப் பக்கம்னு பொதுவா அதுல தெரியாது, அதுக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம்தான் பாக்கணும். இந்த சேவைல எனக்குக் குறையாத் தெரியறதும் இதுதான், பங்கு விவரம் மட்டும் தெரிஞ்சா எத்தனையோ அண்ணன் தம்பி சண்டை கோர்ட்டுக்குப் போகாது.

பரப்பு ஹெக்டேர் ஏர்னு போட்டிருக்கும், பயப்படாதீங்க. 1 ஏர்னா கிட்டத்தட்ட 2.47 சென்ட், 1 சென்ட் 435.6 சதுர அடி. விக்கறவர் சொல்ற சென்ட் கணக்கும் பட்டாவும் ஒத்துப்போகுதான்னு கட்டாயம் போட்டுப் பாருங்க. பட்டா பாத்த இ-சேவை சைட்லயே அ-பதிவேடும் (ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம்னு காட்டற கிராமப் பதிவேடு) பாக்கலாம், இடம் அரசு புறம்போக்கான்னும் பாக்கலாம். புறம்போக்குன்னு வந்தா, ரொம்ப வருஷமா அனுபவிக்கறேன்னு யாரு சொன்னாலும், பதிவுப்படி ஓனர் அரசாங்கம்தான், அதுக்கு மேல பேசவே வேண்டாம்.

எல்லாம் பாத்து, பத்திரம் விக்கறவர் பேர்ல, பட்டா மட்டும் பழைய ஆள் பேர்லன்னு வந்தா பதறாதீங்க. "முதல்ல உங்க பேருக்குப் பட்டா மாத்திட்டு வாங்க அண்ணே, அப்புறம் அட்வான்ஸ் போடலாம்"னு சொல்லுங்க. நிஜ ஓனரா இருந்தா விண்ணப்பம் போட்டுட்டு அந்த நம்பரை உங்ககிட்டயே குடுப்பாரு, எந்த நிலைல இருக்குன்னு அதே சைட்ல நீங்களே பாத்துக்கலாம்.