நமுத்துப்போகாத பஜ்ஜிக்கு எந்த மாவு: கடலையா, மைதாவா, அரிசியா?

2022ஆம் வருஷ ரமலான் நோன்பு ஏப்ரல் மாதத்தில் வந்தது. கீழக்கரையில் ஏப்ரல் எப்படி இருக்கும் என்று இந்தக் கரையில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: உப்பு ஜாடிக்குள் கையை விட்டால் ஈரம், தீக்குச்சி நாலாவது உரசலில்தான் பற்றும், காலையில் பிரித்த முறுக்குப் பாக்கெட் பிற்பகல் அசர் தொழுகைக்குள் ரப்பர். அந்த வருஷம்தான் பஜ்ஜி போடும் வேலையை லாத்தாவிடமிருந்து, அதாவது அக்காவிடமிருந்து, நான் கேட்டு வாங்கினேன். முதல் நாள் ஐந்தே முக்காலுக்கே பொரித்து முடித்து, சூடு ஆறக்கூடாதே என்று ஹாட் பாக்ஸில் போட்டு மூடி, நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு சொன்னதும் பெருமையாகத் திறந்தால் அத்தனையும் ஈரத்துணி. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றை எடுத்து, மேல்மாவை விரலால் வழித்து ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே இருந்த வாழைக்காயை மட்டும் சாப்பிட்டார்.

அந்த மாதம் முழுக்க மூன்று மாவையும் மாற்றி மாற்றிக் கரைத்துப் பார்த்தேன். இப்போது அரிசி மாவில் நின்றிருக்கிறேன். அதனால் கீழே எழுதுவதில் அரிசிப் பக்கம் சாய்வு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடலை மாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, டீக்கடை பஜ்ஜி அதுதான். ஒரு டம்ளர் கடலை மாவு, இரண்டு ஸ்பூன் அரிசி மாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம், சிட்டிகை ஆப்பசோடா. வாசனையிலும் ருசியிலும் இதை மற்ற இரண்டும் தொட முடியாது, அதை மறைக்கப் போவதில்லை. சட்டியிலிருந்து நேராக வாய்க்குப் போகும் பஜ்ஜி என்றால் நானும் இதைத்தான் போடுவேன். ஆனால் சோடா போட்டு உப்புகிற மாவு உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக நிற்கிறது. காய்க்குள்ளிருந்து வரும் ஆவியையும் அதுவே குடிக்கும், வெளியே இருக்கிற கடல் ஈரத்தையும் அதுவே குடிக்கும். சோடா ஒரு சிட்டிகை கூடிப்போனால் எண்ணெயையும் சேர்த்துக் குடிக்கும்.

மைதா என்றால் மைதாவும் சோள மாவும் சரிபாதி, ஃப்ரிட்ஜில் வைத்த கோலி சோடா ஊற்றிக் கரைப்பது. ஜப்பான்காரர்களின் டெம்புரா இந்த வழிதான். மைதாவில் தண்ணீர் பட்டுக் கலக்கக் கலக்கப் பசைபோல ஒரு இழுவை வரும், அது வந்தால் மேல்மாவு ரொட்டி மாதிரி ஆகிவிடும். தண்ணீர் ஜில்லென்று இருந்தால் அந்த இழுவை மெதுவாகத்தான் வரும், சோடாவின் குமிழ் மாவை லேசாக்கும். அதனால் கட்டி கட்டியாக இருந்தாலும் பரவாயில்லை என்று நாலு சுற்றோடு விட்டுவிட வேண்டும். அந்தப் பொரியலை ஜப்பானுக்குக் கொண்டுபோனது போர்த்துக்கீசியர் என்பார்கள். 1538இல் நம் மண்டபம் பக்கத்து வேதாளையில் மரக்காயர் படையோடு மோதினார்களே, அவர்கள்தான். ஐந்து வருஷத்தில், 1543இல், ஜப்பான் கரையில் இறங்கியிருக்கிறார்கள். அது கிடக்கட்டும். பொரித்த உடனே இந்த மாவுக்கு இணை கிடையாது. மெல்லிசாக, கண்ணாடி மாதிரி, வெண்டைக்காயின் பச்சை வெளியே தெரியும். பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் பத்து நிமிஷம்தான். அப்புறம் நனைந்த அப்பளம். நான் இதை மொத்தமாக ஐந்தாறு தடவைதான் செய்திருக்கிறேன். கை பழகினவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார்களாக இருக்கும்.

பாக்கெட்டில் வரும் பஜ்ஜி மிக்ஸை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதுவும் கடலை மாவு வகைதான், உப்பு மட்டும் அவர்கள் இஷ்டத்துக்கு இருக்கும்.

இனி அரிசி. இரண்டு டம்ளர் வறுக்காத பச்சரிசி மாவு, ஒரு டம்ளர் கடலை மாவு, இரண்டு ஸ்பூன் சோள மாவு. சோடா கிடையாது. கரைத்த பிறகு ஒரு குழிக்கரண்டி எண்ணெயைச் சுடச்சுட மாவில் ஊற்றிக் கலக்கி, கால் மணி நேரம் ஊற விடுவேன். முண்டு மிளகாயை வறுத்துத் திரித்த தூள் போடுகிறேன், நம்ம ஊர் மிளகாய்தான், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே அது. நிறம் கொடுக்கும், ஆனால் காந்தாது. தண்ணீர் விஷயத்தில் மட்டும் கவனம். குழாயில் காவிரித் தண்ணீர் வராத நாளில் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் உப்பை நன்றாகக் குறைக்க வேண்டும். நோன்பு வைத்துக்கொண்டு வாயில் வைத்துப் பார்க்கவும் முடியாது. ஒரு நாள் முழுத் தட்டும் கரித்துப்போய்த் தண்ணீர்க் குடம்தான் காலியானது.

இந்த மாவின் குறையையும் சொல்ல வேண்டும். ஒன்று, அரிசி மாவு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஒவ்வொரு துண்டு முக்கும்போதும் கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், மறந்தால் கடைசிப் பத்துத் துண்டு கல்லாக வரும். இரண்டு, காயில் ஒட்டாமல் வழுக்கும். அதற்குக் காயை முதலில் உலர்ந்த அரிசி மாவில் புரட்டி, உதறி, அப்புறம்தான் கரைசலில் முக்க வேண்டும். ஆறிப்போனால் ருசியும் கடலை மாவு அளவுக்கு இல்லை, அது உண்மைதான்.

ஆனாலும் எனக்கு வேண்டியது ருசியில் முதல் மார்க் இல்லை, நாற்பது நிமிஷம். ஆறரை வாக்கில் பாங்கு. அதற்கு முன்னால் கஞ்சியைப் பள்ளிவாசலில் இருந்து வாங்கி வந்து, பேரீச்சம்பழம் எடுத்து வைத்து, பக்கத்து வீடு இரண்டுக்குத் தட்டு அனுப்பி, சர்பத் கலக்கி, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்து உட்கார வேண்டும். ஆறு மணிக்கு மேல் அடுப்படியில் யாரும் நிற்க முடியாது. ஆகவே பொரித்தது வாய்க்கு வரும்வரை இந்த ஊர்க் காற்றில் தாக்குப் பிடிக்க வேண்டும்.

ஒரு நாள் ஒரே வாழைக்காயைச் சீவி மூன்று மாவிலும் முக்கிப் பொரித்து, ஆறு மணிக்குச் சன்னல் திட்டில் வரிசையாக வைத்தேன். ருசி பார்க்க முடியாது, காதுதான் நீதிபதி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றிலும் ஒன்றை ஒடித்துப் பார்த்தேன். மைதா முதல் தடவையிலேயே சத்தமில்லாமல் வளைந்தது. கடலை மாவு இரண்டாவது தடவை பிய்ந்தது, ஒடியவில்லை. அரிசி மாவு பாங்கு சொல்லும்போதும் ‘டப்’ என்று உடைந்தது, ஓரம் மட்டும் லேசாக இளகியிருந்தது. லாத்தா, “பஜ்ஜிக்குப் பரீட்சை வைக்கிறாளே இவ” என்று சிரித்தாள்.

இதில் மாவுக்குப் பாதிப் பங்குதான், மீதி இரண்டு தடவை பொரிப்பது. ஐந்தரைக்கு நடுத்தர தீயில் வெளுப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுவேன். எடுத்த பிறகும் காய்க்குள் இருக்கும் தண்ணீர் மெதுவாக மேல்மாவுக்கு ஏறிக்கொண்டே இருக்கும், அது ஏறி வரட்டும் என்று இருபது நிமிஷம் விட வேண்டும். ஐந்து ஐம்பதுக்கு நன்றாகக் காய்ந்த எண்ணெயில், ஒரு சொட்டு மாவு விட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும், ஏறக்குறைய 180 டிகிரி, இரண்டாவது தடவை போட்டால் சடசடவென்று சத்தம் கேட்கும். வெளியேறுகிற ஈரத்தின் சத்தம் அது. அடங்கியதும் அரித்து எடுத்துவிட வேண்டும், ஒரு நிமிஷம்தான் ஆகும். கடலை மாவு பஜ்ஜியை இப்படி இரண்டு தடவை போட்டால் கருத்துவிடுகிறது. மைதாவை இரண்டு தடவை போட்டுப் பார்க்கவில்லை. எண்ணெய் கடலெண்ணெய்தான், மற்ற எண்ணெயில் இதே முறைக்கு நான் பொறுப்பில்லை.

எடுத்ததை எதில் வைக்கிறோம் என்பதும் பாதி விஷயம். ஹாட் பாக்ஸ் வேண்டவே வேண்டாம், தன் ஆவியிலேயே தான் வெந்து போகும். தட்டில் குவித்தாலும் அடியில் இருப்பது நமுத்துவிடும். சுளகில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி வைக்கிறேன், பக்கத்து வீட்டுக்குப் போவது பனையோலைக் கொட்டானில் போகும். ஓலை இடுக்கில் ஆவி போய்விடும். டிபன் பாக்ஸில் கொடுத்துவிட்ட நாளெல்லாம் போன இடத்தில் என்ன கதியானது என்று எனக்குத் தெரியும், அவர்கள்தான் சொல்லவில்லை.

காய் விஷயம் சுருக்கமாக. கோடையில் மலிவாகக் கிடைக்கிற பீர்க்கங்காயும் சுரைக்காயும் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான், சீவியதும் வேட்டித் துணியில் பரப்பி ஒற்றி எடுக்காமல் முக்கவே கூடாது. முன்கூட்டி உப்புத் தடவவும் கூடாது, நீர் விட்டுக்கொண்டு நிற்கும். வெண்டைக்காயை நீளவாக்கில் இரண்டாகக் கீறி அரை மணி நேரம் நிழலில் உலர்த்தினால் வழவழப்பு போய் மூன்று மாவிலும் நன்றாக வரும். வாழைக்காயும் கத்தரிக்காயும் சொன்னபடி கேட்கும். கத்தரிக்காயை மட்டும் அரை விரற்கடை கனத்துக்குக் குறையாமல் நறுக்குங்கள், மெல்லிசாகப் போனால் உள்ளே ஒன்றுமே இருக்காது. வெங்காயத்துக்கு மட்டும் நான் கடலை மாவுக்கே திரும்பிவிடுவேன், அரிசி மாவு வளையத்தில் ஒட்டாமல் உயிரை வாங்குகிறது. முருங்கைக் கொழுந்தை மைதா கரைசலில் முக்கிப் போட்டது ஒரே ஒரு தடவை, பிரமாதமாக இருந்தது, அடுப்படியிலேயே பிள்ளைகள் தீர்த்துவிட்டார்கள், எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்க்க மிச்சம் இல்லை.

இத்தனையும் செய்து சுளகில் பரப்பி வைத்தால், லாத்தா மாப்பிள்ளை, எங்கள் மச்சான், வந்து உட்கார்ந்ததும் இரண்டு பஜ்ஜியை எடுத்துப் பிய்த்து நோன்புக் கஞ்சிக்குள் போட்டு, ஊறட்டும் என்று கரண்டியால் அமுக்கிவிடுவார்.