ஒற்றைச் செயின்வீலுக்கு மாறப்போய் 84,500 ரூபாயை இழந்தேன்

கடந்த சனிக்கிழமை மாலை, கல்லடியில் எனக்குப் பழக்கமான சைக்கிள் திருத்தும் கடையின் வாங்கில் இருந்து, 84,500 ரூபா கொடுத்து வாங்கிய சாமான்களில் ஒன்றான கசெட்டின், அதாவது பின் சில்லில் பூட்டும் பல்வட்டுத் தொகுதியின், பெரிய வட்டில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டுப் பற்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். 51 பல் இருக்க வேண்டும், 36தான் இருந்தது. "இன்னொருக்கா எண்ணு மனே" என்றார் கடைக்காரர். மூன்று முறை எண்ணியும் 36தான். வட்டின் பின்புறத்தைத் துணியால் துடைத்தபோது அதே எண் இரும்பில் பொறிக்கப்பட்டிருந்தது. வட்டுகளும் 12 அல்ல, 9 மட்டுமே.

என்னுடையது முன்னால் மிதியோடு சுற்றும் 42, 32, 22 பல் கொண்ட மூன்று செயின்வீல்களும், பின்னால் 11 முதல் 32 பல் வரையான 8 வட்டுகளும் உள்ள மலைச் சைக்கிள். மட்டக்களப்புச் சமதரைக்கு அது தாராளமாகப் போதும். கச்சான் காற்று முகத்தில் அடிக்கும் மாதங்களில் நெருக்கமான கியர்கள் உண்மையில் உதவவே செய்தன. ஆனால் மாரியில் கிரானிலிருந்து குடும்பிமலைப் பக்கம் போகும்போதெல்லாம் முன் கியர் மாற்றியில் சேறு அடைத்து, செயின் உள்ளே விழுந்து சட்டத்தைச் சுரண்டிவிடும். செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை, லுணுகலை வழியாகப் பதுளைக்கு ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் நெடுநாளாக இருந்தது. ஆகவே முன்னால் ஒரே செயின்வீல் என்ற முறைக்கு மாறத் தீர்மானித்தேன்.

அந்த முறையில் குறை இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2012 இல் ஸ்ராம் என்ற சைக்கிள் உதிரிப்பாக நிறுவனம் எக்ஸ்எக்ஸ்1 என்ற ஒற்றைச் செயின்வீல் தொகுதியை வெளியிட்ட பிறகு மலைச் சைக்கிள்களில் அது பரவியது. செயின்வீலின் பற்கள் ஒன்று தடிப்பாகவும் அடுத்தது மெலிதாகவும் மாறி மாறி அமைந்து செயினைப் பற்றிக்கொள்ளும். பின் கியர் மாற்றியில் உள்ள கிளட்ச் செயினைத் தளரவிடாது. முன்னால் இழக்கும் கியர்களைப் பின்னால் உள்ள அகன்ற கசெட் ஈடுசெய்யும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஒற்றைச் செயின்வீலுக்கு மாறுவதில் பயன் இல்லை.

சமூக ஊடகப் பக்கம் ஒன்றின் மூலம் சைக்கிள் உதிரிப்பாகங்களை இறக்குமதி செய்து விற்பதாகச் சொல்லும் ஒருவரிடம், 32 பல் செயின்வீல், 10 முதல் 51 பல் வரையான 12 வட்டுக் கசெட், கிளட்ச் உள்ள கியர் மாற்றி, கைப்பிடி மாற்றி, செயின் ஆகிய அனைத்தும் 84,500 ரூபா என்ற விளம்பரத்தைக் கண்டு தொலைபேசியில் பேசினேன். நான் கேட்ட முதற்கேள்வியே, "என்னுடைய ஹப்பில் இது பூட்டுப்படுமா?" என்பதுதான். ஹப் என்பது சில்லின் நடுப்பகுதி, கசெட் அதில்தான் ஏறும். அவர் உடனே விலை பேசவில்லை. பின் சில்லைக் கழற்றி ஹப்பைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பிய பத்து நிமிடத்தில், "பார்த்துட்டன் அண்ணன், நூறு வீதம் பொருந்தும், யோசிக்காதீங்க" என்று குரற்பதிவு வந்தது. படம் கேட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்பவர் தொழில் தெரிந்தவர் என்று நம்பி, அன்றிரவே முழுத்தொகையையும் வங்கிக்கு அனுப்பினேன்.

அந்தப் பதில்தான் பொய். என்னுடையதைப் போன்ற பழைய வகை ஹப்பில் 11 பல்லுக்குக் குறைந்த வட்டு இருக்காது. 10 பல்லில் தொடங்கும் கசெட்டுக்கு வேறு வகையான ஃப்ரீஹப், அதாவது ஹப்பில் கசெட் ஏறும் பகுதி, தேவை. ஆக, விளம்பரத்தில் காட்டிய சாமானையே அனுப்பியிருந்தாலும் அது என் சில்லில் ஏறியிருக்காது. நேர்மையானவராக இருந்திருந்தால் படத்தைப் பார்த்தவுடன் "இல்லை" என்றிருப்பார். இதை அன்று நான் அறிந்திருந்தால் என் 84,500 ரூபா வங்கியிலேயே இருந்திருக்கும்.

வந்த மற்றச் சாமான்களும் அப்படித்தான். செயின்வீலின் பற்கள் எல்லாம் ஒரே தடிப்பு. கியர் மாற்றியில் செயினைத் தாங்கும் கூண்டை விரலால் தள்ளினால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் போகிறது, அதாவது கிளட்ச் இல்லை. இதைப் பூட்டினால், முன்பு முன்னால் 22, பின்னால் 32 பல் என்ற கியரில் மிதியின் ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்றரை மீற்றர் அளவில் நகர்ந்த சைக்கிள், முன்னால் 32, பின்னால் 36 இல் ஏறக்குறைய இரண்டு மீற்றர் நகர வேண்டும். லுணுகலை ஏற்றத்தில் என் முழங்கால் அதைத் தாங்காது. காசு கொடுத்து, என்னிடம் இருந்ததைவிடக் குறைந்ததை வாங்கியிருக்கிறேன்.

இன்றோடு ஐந்து நாட்கள். விற்றவர்களிடம் முறையிட்ட முதல் நாள், களஞ்சியத்தில் பெட்டி மாறிவிட்டது, திங்கட்கிழமை சரிசெய்வோம் என்றார்கள். திங்கட்கிழமை, திருத்துநர் பெட்டியைத் திறந்ததால் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். பூட்டவே இல்லை என்று படம் அனுப்பினேன். பார்த்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. நேற்று வேறொருவர் பேசி, 36 பல்லே இலங்கை வீதிகளுக்குப் போதும் என்று எனக்கே பாடம் எடுத்தார். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அழைப்பைத் துண்டித்தார். பக்கத்தில் நான் இட்ட கருத்து அரை மணித்தியாலத்தில் நீக்கப்பட்டது. இப்போது அந்தப் பக்கமே எனக்குத் தெரிவதில்லை. 84,500 ரூபா என்பது நான் எட்டு மாதங்களாகச் சேர்த்த காசு.

எதை எப்படித் தெரிவு செய்வது என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன். இப்போது மனம் அதில் நிற்கவில்லை. இவற்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் ஹப் எந்த வகை என்பதை விற்பவரிடம் கேட்காமல், ஊரில் உள்ள திருத்துநரிடம் முதலில் கேட்டறியுங்கள். முழுப்பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். பெட்டியைத் திறக்கும்போதே காணொளி எடுத்து, கசெட்டின் முதல் வட்டையும் கடைசி வட்டையும் அந்த இடத்திலேயே எண்ணுங்கள். குரற்பதிவுகளை அழிக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. என்னிடம் உள்ள பதிவுகளுடனும் வங்கிச் சீட்டுடனும் நாளை காலை முறைப்பாடு செய்யவிருக்கிறேன். இதேபோல் படம் கேட்டு, "நூறு வீதம் பொருந்தும்" என்று குரற்பதிவு வந்து, இன்னும் காசு அனுப்பாமல் யாராவது இருந்தால், தயவுசெய்து அனுப்பாதீர்கள்.